மை தெரியும் பேனா

முதலில் பெயர்.
சான்றிதழில் முப்பிடாதி, ஆதாரில் முப்புடாதி.
ஓர் எழுத்து வழுக்கியதற்கு
குர்லா கோர்ட்டு வாசலில்
குடைக்கடியில் உட்கார்ந்திருப்பவரிடம்
முத்திரைத்தாள் வாங்கி
இரண்டு பேரும் ஒரே பெண்தான் என்று
மராத்தியில் சத்தியம் செய்தேன்.

அப்புறம் குடும்பப் பெயர்.
அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
எங்களுக்கு உண்டானது ஒரே ஒரு தலையெழுத்து,
ஒரு புள்ளியோடு.
"புள்ளியைப் போட்டுப் பார்க்கட்டுமா அக்கா?"
என்றான் கம்ப்யூட்டர் கடை ஷகீல்.
போட்டுப் பார்த்தான்.
சிவப்பில் திட்டியது.

புகைப்படத்துக்கு வெள்ளைப் பின்னணி.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
தாராவி மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பு,
முப்பத்தெட்டுப் பேர் ஒன்றாக வாய்ப்பாடு கத்தும் அறையில்
எட்டு வருடம் தாக்குப்பிடித்த காதுகள்.
தெரியட்டும்.

தேர்ச்சிக்குத் தொண்ணூறு.
சாதிச் சான்று இருந்தால் எண்பத்திரண்டு.
அப்பாவிடம் இருக்கிறது,
சங்கரன்கோவில் தாசில்தார்
பச்சை மையில் கையெழுத்திட்டது.
"வெளிமாநிலம். இங்கே செல்லாது" என்று
மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்கள்.
சான்று செல்லாது, சரி.
டிக்கெட் எடுக்காமல் எங்களோடு ரயிலேறி
தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் வந்துவிட்டதே
அந்தச் சாதி,
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

ஞாயிறு, ஐரோலி.
ஒன்பதரைக்கு மேல் வாசல் திறக்காது.
கடிகாரம் கூடாது, துப்பட்டா ஊசி கூடாது,
கறுப்புக் கயிறு கூடாது,
தண்ணீர் பாட்டிலில் லேபிள் கூடாது.
பேனா மட்டும் கொண்டுபோகலாம்
உள்ளே இருக்கும் மை வெளியே தெரிந்தால்.

என் மூக்குத்தி திருகாணி வைத்தது.
பதினைந்து வருடமாகக் கழற்றியதில்லை.
காவலுக்கு நின்ற காம்ப்ளே
கைகழுவும் சோப்பு தடவித் திருகிப் பார்த்தாள்.
கண்ணில் நீர் வந்தது, அது வரவில்லை.
மணி ஒன்பது இருபத்தேழு.
அட்டைப் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைப்
பல்லால் கடித்துக் கிழித்து
மூக்கின் மேல் அழுத்தி ஒட்டினாள்.
"ஜா, பாயீ" என்றாள்.
இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
அதற்குத்தான்
தேர்வெழுத வந்திருந்தேன்.

பத்தொன்பதாவது கேள்வி.
வகுப்பில் ஒரு மாணவன் தினமும் தூங்குகிறான்.
ஆசிரியராக நீங்கள்
பெற்றோரை வரவழைப்பீர்களா,
முன்வரிசையில் உட்கார வைப்பீர்களா,
ஆர்வமூட்டும் செயல்பாடு தருவீர்களா,
தலைமையாசிரியரிடம் தெரிவிப்பீர்களா.

இசக்கிராஜ் வீட்டுச் சந்தில்
விடிகாலை மூன்றரைக்குத் தண்ணீர் வரும்.
பதினொரு கேன், அவனும் அவன் அக்காவும்.
முதல் பீரியடில் அவன் தலை சாயும்போது
ஃபேன் காற்று படுகிற பக்கம் அவனைத் தள்ளிவிட்டு
மற்றவர்களை
வாய்க்குள் படிக்கச் சொல்வேன்.

அதற்கு வட்டம் இல்லை.
தேடினேன், இரண்டு தடவை.
பிறகு மூன்றாவதை நிரப்பினேன்,
விதிப்படி, முழுக்கக் கறுக்கும் வரை.

திரும்பும்போது மெகா பிளாக்.
தாணே நடைமேடையில் ஒன்றரை மணி நேரம்
நின்றவர்கள் எல்லோரும் என் மூக்கையே பார்த்தார்கள்.
ஒருத்தி மட்டும் "ஆபரேஷனா?" என்றாள்.
தலையாட்டி வைத்தேன்.

வீட்டில் உரித்தபோது தோலும் கொஞ்சம் வந்தது.
தேங்காய் எண்ணெய் போட்டும்
கல்லைச் சுற்றிப் பசை போகவில்லை.

திங்கட்கிழமை வாய்ப்பாட்டின் நடுவே
ஒரு குரல்:
"டீச்சர், மூக்குல என்னமோ ஒட்டிருக்கு."

இசக்கிராஜ்.
முதல் பீரியட்,
முழித்துக்கொண்டிருந்தான்.